பதினோரு ஒட்டு

மங்களம் அம்மா எனக்குத் தர வேண்டியது நாற்பத்தாறு ரூபாய் ஐம்பது பைசா. அதில் முப்பத்தொன்று ஐம்பது கம்பளி நூலுக்கு. பதினாலு அவுன்ஸ், அவுன்ஸ் இரண்டே கால். ஜெனரல் பஜாரில் என் கைக்காசைப் போட்டு வாங்கினேன். மீதி பதினைந்து கூலி. ஒரு குழந்தைச் சால்வை, ஒரு ஸ்வெட்டர், ஒரு குல்லா, ஒரு ஜோடி காலுறை. நாலு வாரத்து வேலை.

அறுபத்தேழாம் வருஷம், நவம்பர் மாதம், ஹைதராபாத். அதற்கு முன்பு நான் சனத்நகரில் ஒரு வார்ப்பட ஆலையில் கலாசி. கலாசி என்றால் தூக்கு என்றால் தூக்க வேண்டும், தள்ளு என்றால் தள்ள வேண்டும். பன்னிரண்டு வருஷம் உலை பக்கத்தில் நின்றேன். பிறகு நெஞ்சு கெட்டது. பதினாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்ததும் உலை பக்கம் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சாமான் அறையில் ஸ்பானரும் சுத்தியலும் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள். வேலை லேசு, சம்பளமும் லேசு. ஓவர்டைம் கிடையாது. அந்தப் பள்ளத்தைக் கம்பளி நூலை வைத்துத்தான் நானும் ஐவியும் நிரப்பிக்கொண்டிருந்தோம்.

பின்னுவதை நான் ஆஸ்பத்திரியில்தான் கற்றேன். படுக்கையிலேயே கிடப்பவனுக்குக் கை மட்டும் சும்மா இருந்தால் புத்தி கெட்டுப்போகும் என்று மெட்டில்டா சிஸ்டர் வார்டில் இருக்கிற ஆண்களுக்கெல்லாம் ஊசி கொடுத்தார். சிரித்தோம். பிறகு எல்லாரும் போட்டோம். ஊசியில் ஏறுகிற நூல் வளையத்துக்குக் கண் என்று பேர். எத்தனை கண் நேராக, எத்தனை கண் மாற்றி என்று சிஸ்டர் ஒரு சீட்டில் எழுதி வைப்பார். எனக்கு எழுத்துத் தெரியாது. நேருக்கு 'நே', மாற்றுக்கு 'மா' என்று இரண்டு எழுத்தில் ஆரம்பித்து, டிஸ்சார்ஜ் ஆகும்போது பேப்பரில் தலைப்பு படிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். வயது முப்பத்தேழு.

இது எதுவும் மெட்டுகூடாவில் எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. நான் அந்தப் பதினாலு மாதமும் பம்பாயில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போயிருந்தேன் என்று ஐவி சொல்லி வைத்திருந்தாள். டி.பி. என்று தெரிந்தால் வீட்டுக்காரர் மறுநாளே சாமானை வெளியே வைப்பார். அதனால் ஸ்வெட்டர் பின்னுவதும் ஐவிதான் என்று ஆயிற்று. ஆண்பிள்ளை எங்கே கற்றான் என்று ஒருத்தர் கேட்டால் அதற்கு ஒரு பொய், அதற்குப் பின்னால் இன்னொன்று. ஐவி கான்வென்ட் ஹாஸ்டலில் ஆயா. அங்கே வருகிறவர்களிடமும் மாரேட்பள்ளித் தமிழ் வீடுகளிலும் ஆர்டர் பிடிப்பாள். நான் போடுவேன். கொண்டுபோய்க் கொடுக்கிறவனும் நான்தான்.

மங்களம் அம்மா மாரேட்பள்ளியில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம். வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குக் கணக்கெழுத வந்தவர்களாம். அவர்கள் மகள் ஜலஜா பிரசவத்துக்கு டெல்லியிலிருந்து வந்திருந்தாள். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து, டெல்லிக் குளிரில் திரும்பிப் போகிறார்கள். அதற்குத்தான் இவ்வளவு கம்பளி. சாமான்களைப் போன வாரமே கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்து பணம் வாங்கிக்கொள் என்று சொல்லியிருந்தார்கள்.

போனேன். பின் வராந்தாவில் வெயில் விழுகிற இடத்தில் ஜலஜா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சால்வை பக்கத்தில் விரித்துக் கிடந்தது.

"வாப்பா கிதியோன்" என்றார்கள் மங்களம் அம்மா. "உன் ஆம்படையா கைவேலை ரொம்ப நன்னா இருக்கு. ஆனா அகலந்தான் பத்தலை. நாலு விரக்கடை கூட இருந்தா சுத்திக் கட்ட வாட்டமா இருக்கும். ஐவியைக் கொஞ்சம் வரச் சொல்றியா?"

"அவ ஹாஸ்டல்ல டியூட்டிம்மா. புதன்கிழமைதான் வீட்டுக்கு வருவா."

"நாளன்னிக்கு ரயிலாச்சே!"

நான் யோசித்தேன். பையில் ஊசி இருந்தது. மிச்சம் அரை உருண்டை நூலும் இருந்தது. நாலு விரல் அகலம் இரண்டு மணி நேரத்து வேலை. முடிக்காமல் போனால் பணமும் டெல்லிக்கு ரயில் ஏறிவிடும் என்று தோன்றிற்று.

"குடுங்கம்மா. நானே போட்டுடறேன்."

"நீயா?"

படியில் உட்கார்ந்து சால்வையின் ஓரத்தைப் பிரித்து, கண்களை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினேன். இரண்டு வரிசை போனதும் ஜலஜா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, இங்க வந்து பாரேன். மெஷின் மாதிரி போறது. நம்ம அப்பா சட்டையில பட்டன் விழுந்தா பின்னைக் குத்திண்டு ஆபீஸ் போனவர்."

"அப்போ ஐவி?" என்றார்கள் மங்களம் அம்மா.

"அவ ஆர்டர் வாங்குவாம்மா. போடறது நான்."

"அடப்பாவி! கண்ணு வலிக்கப் பின்றாளேன்னு ஒவ்வொரு தடவையும் அவளுக்கு டம்ளர் நிறையக் காபி கொடுத்து அனுப்பினேனே! அத்தனையும் குடிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லலையே!"

"எனக்கும் அதைச் சொல்லலைம்மா" என்றேன். உண்மையிலேயே காபி விஷயம் எனக்குத் தெரியாது. மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சால்வையில் ஓடிக்கொண்டிருந்த நூல் தீர்ந்தது. அரை உருண்டையை எடுத்தேன். இங்கேதான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். நூல் தீர்ந்த இடத்தில் எல்லாரும் முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு உள்பக்கம் கடுகு மாதிரி நிற்கும். பெரியவர்களுக்குத் தெரியாது. மூன்று மாதக் குழந்தை அதன் மேல் படுத்தால் தோலில் பதியும். என்றைக்காவது அவிழவும் அவிழும். அதனால் நான் முடிச்சே போட மாட்டேன். பழைய நூலின் முனையை ஒரு விரல் நீளத்துக்குப் புரி பிரிப்பேன். நாலு புரியில் இரண்டைக் கிள்ளி எடுத்துவிடுவேன். வெட்டக் கூடாது, பிய்க்க வேண்டும். அப்போதுதான் முனை மயிர் மயிராக நிற்கும். புது நூலின் முனையையும் அப்படியே. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளங்கையில் வைத்து, ஈரம் பண்ணி, இரண்டு கையையும் சூடு பறக்கத் தேய்த்தால் கம்பளி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இழுத்தாலும் வராது. கனமும் தெரியாது.

ஈரம் பண்ணுவதற்கு நான் வாயில் வைப்பேன்.

அன்றைக்கும் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. பீடி பற்றவைக்கிறவன் யோசித்தா வாயில் வைக்கிறான்? இரண்டு முனையையும் நாக்கில் நனைத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, சுண்டி இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கண்ணுக்குப் போய்விட்டேன்.

"என்ன பண்ணினே இப்போ?"

மங்களம் அம்மாவின் குரல் மாறியிருந்தது.

"நூலை ஒட்டினேம்மா."

"வாயில வெச்சியே?"

"ஆமாம்மா. ஈரம் பட்டாத்தான் ஒட்டும்."

"எச்சிலா?"

நான் ஊசியைக் கீழே வைத்தேன்.

"எல்லாத்துலயும் இப்படித்தானா? எத்தனை இடத்துல?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கணக்குக் கேட்டால் எனக்குக் கணக்குத்தான் வரும். "ஸ்வெட்டர்ல நாலு. சால்வையில இதோட ஏழு."

"பதினோரு எச்சில்! ஒரு வாரமா சுவாமி உள்ளுல வெச்சு, நல்ல நாள் பார்த்துப் போத்தணும்னு எடுத்து... ஈஸ்வரா!"

"அம்மா, சும்மா இரு" என்றாள் ஜலஜா. "நீ ஊசி கோக்கறச்சே நூலை வாயில வெச்சு நனைச்சுக்கலையா?"

"அது என் எச்சில்டி."

"ஓஹோ, உன்னுது மட்டும் தீர்த்தமா?"

"வாய்க்கு வாய் பேசாதே."

"நேத்திக்குக்கூட கொழந்தைக்கு மருந்தை நாக்குல தொட்டுப் பார்த்துட்டுத்தானே கொடுத்தே? முடிச்சு இருந்தா கொழந்தைக்கு உறுத்துமேன்னு அவர் பார்த்துப் பார்த்துப் பண்ணியிருக்கார். வெந்நீர்ல முக்கி வெயில்ல போட்டா தீந்தது. டெல்லியில பால்காரன் பாத்திரத்தைப் பார்த்தா நீ என்ன சொல்லுவியோ."

மங்களம் அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். நான் தலையைக் குனிந்து மீதி வரிசைகளைப் போட்டு முடித்தேன். ஓரம் கட்டி நூலை அறுத்து ஜலஜாவிடம் நீட்டினேன். அவள் அதை அப்படியே குழந்தை மேல் சுற்றி, அகலம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். சரியாக இருந்தது.

மங்களம் அம்மா உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்தார்கள். நாலு பத்து ரூபாய் நோட்டு, ஒரு ஐந்து, ஒரு ஒற்றை, ஒரு எட்டணாக் காசு. வழக்கம்போல் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தார்கள். காற்றில் பறக்காமல் காசை நோட்டின் மேல் வைத்தார்கள். "எண்ணிக்கோ. இனிமே தண்ணி தொட்டுப் பண்ணு. என்ன?"

"சரிம்மா."

கையை நீட்டினேன். அப்போது குழந்தை பக்கம் கண் போயிற்று.

சால்வையின் மூலை அதன் வாயில் இருந்தது. நான் கடைசியாக ஒட்டின இடம் அந்த ஓரத்தில்தான். மூன்று மாதக் குழந்தைக்கு எது கிடைத்தாலும் வாயில்தானே. கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கிற மாதிரி சப்பிக்கொண்டிருந்தது. கம்பளி ஈரமாகிக் கறுத்திருந்தது.

வார்டில் எங்கள் எல்லாருக்கும் கட்டில் பக்கத்தில் மூடி போட்ட டப்பா இருக்கும். சளியை, எச்சிலை அதில்தான் துப்ப வேண்டும். கைக்குட்டையில் துப்பினால் திட்டு, ஜன்னல் வழியே துப்பினால் அதைவிடத் திட்டு. காலையில் கையுறை போட்டு எடுத்துப் போவார்கள். பதினாலு மாதம் என் உடம்பிலேயே எல்லாரும் பயந்த சாமான் அதுதான். அதே வார்டில்தான், சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும், பக்கத்துக் கட்டில் அப்துல் ரஹீம் எனக்கு எச்சில் ஒட்டுச் சொல்லிக் கொடுத்தார். வாரங்கல்லில் கம்பள விரிப்பு நெய்தவர். "முடிச்சு எதுக்கு, கிதியோன் மியா? முடிச்சு நக்கோ, வேண்டாம். முடிச்சைப் பார்த்தா சேட் கூலியைப் பிடிச்சுக்குவான். இதோ, தூ, தேய், முடிஞ்சு போச்சு." சிஸ்டர் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார். எழுந்து போய்த் தொட்டுக்கொள்ள இரண்டு பேருக்கும் சோம்பல். ஒருவருக்கும் அது விகற்பமாகவே படவில்லை. அங்கே எல்லாருக்கும் இருந்தது ஒரே வியாதி.

எனக்குக் குணமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தெரியும். ஆனாலும் அந்தக் குழந்தை சப்புவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். மாரேட்பள்ளியில் பதினெட்டு வீட்டு ஆர்டர். அது போகும். பேச்சு ரயில்வே கேட்டைத் தாண்டி மெட்டுகூடா வந்தால் வீடும் போகும். பணம் எட்டின தூரத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டால் நாளை மறுநாள் அவர்கள் டெல்லி.

"குழந்தை வாயிலேர்ந்து அதை எடுங்கம்மா" என்றேன்.

ஜலஜா நிமிர்ந்து பார்த்தாள். "பரவாயில்லை, அது எதையும்..."

"எடுங்கம்மா. எனக்கு டி.பி. இருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி. இப்போ இல்லை. மூணு தடவை சளி பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. இருந்தாலும்..."

அந்த 'இருந்தாலும்' மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதோடு எல்லாம் முடிந்தது. எனக்காக வாதாடின அந்தப் பெண் சால்வையை உருவி எறிந்தாள். முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், உதடு சிவக்கத் துடைத்தாள். குழந்தை வீறிட்டது. என் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்காமல் உள்ளே ஓடினாள்.

மங்களம் அம்மா கைப்பிடிச் சுவரிலிருந்த நோட்டுகளை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதை எடுக்கிற மாதிரி, எடுத்து மடித்தார்கள்.

"போப்பா" என்றார்கள். "நீ போ."

போனேன்.

*

புதன்கிழமை ஐவி வந்ததும் சொன்னேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சொன்னீங்களா? நீங்களா வாயைத் திறந்து சொன்னீங்களா?"

"குழந்தை வாயில வெச்சுதுடி."

"அதை எடுங்கன்னு சொல்லியிருந்தா போதாதா? அழுக்கா இருக்கு, சாயம் போகும், என்னமாச்சும் சொல்லக் கூடாது? பம்பாய், பம்பாய்னு மூணு வருஷமா நான் கட்டிக் காப்பாத்தறேன், ஒரே நிமிஷத்துல..." பையைக் கட்டிலில் போட்டாள். "பணமாவது வாங்கினீங்களா?"

"இல்லை."

"நூல் காசு?"

"அதுவும் இல்லை."

அவள் உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, "உங்களுக்கு நிஜமா ஒண்ணும் இல்லைதானே?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் எனக்குள் நான்கு நாளாக இருந்தது. சாமான் அறையில் நிற்கும்போதும் அதுதான். இருமல் வந்தால் அடக்கிக்கொண்டேன். ஒருத்தரிடம் ஸ்பானரைக் கொடுத்துவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டேன். மறுநாள் வேலை முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். ஆலையிலிருந்து நடக்கிற தூரம்தான்.

மெட்டில்டா சிஸ்டர் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். வார்டு வாசலிலேயே வைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் வியாதியைப் பற்றிப் பேசவில்லை.

"கிண்ணத்துல தண்ணி வெச்சுக் குடுத்தேனே, அது என்ன ஆச்சு?"

"தொடவே இல்லை சிஸ்டர்."

"எச்சிலை யார் சொல்லிக் குடுத்தது?"

"ரஹீம் பாய்."

"அந்த ஆளா! டி.பி. வார்டுல, என் மூக்குக்குக் கீழே, ரெண்டு பேரும் எச்சில் தொட்டு நூல் ஒட்டியிருக்கீங்க. டப்பாவுக்கு மூடி வேற! வெட்கமா இல்லை? போன மாசம் செக்கப்புக்கு வந்தார். நல்லா கொழுத்துப் போயிருக்கார். அடுத்த தடவை வரட்டும்."

உள்ளே கூட்டிப் போய்ப் பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்து, என் பேருக்கு நேராக விரலை வைத்துப் படித்தார். மூன்று பரிசோதனை, மூன்றிலும் கிருமி இல்லை. கடைசி எக்ஸ்ரே படமும் சுத்தம். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தார்.

"உன்னால அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் வராது அண்ணே. பயப்படாதே. ஆனா ஒண்ணு. பச்சைக் குழந்தை துணியில யார் எச்சிலும் கூடாது. உனக்கு டி.பி.யே வராம இருந்திருந்தாலும் கூடாது. அந்தம்மா கோவிச்சுக்கிட்டதுல பாதி நியாயம் இருக்கு."

"அதை எழுதிக் குடுக்கறீங்களா சிஸ்டர்? பாதி நியாயம் இல்லை, அந்த ரிப்போர்ட்டை."

சிரித்தார். "இங்கிலீஷ்ல எழுதவா?"

"தமிழ்ல எழுதுங்க. நான் படிச்சுக் காட்டணும்."

*

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மாரேட்பள்ளி. பணம் கேட்கப் போகிறேனா, சீட்டைக் காட்டப் போகிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பின் வராந்தா காலியாக இருந்தது. அவர்கள் செவ்வாய்க்கிழமையே போயிருப்பார்கள். கூப்பிட்டேன். மங்களம் அம்மா கதவு வரை வந்து நின்றார்கள். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"குழந்தை எப்படிம்மா இருக்கு?"

"நன்னா இருக்கு. டெல்லி போய்ச் சேந்துட்டா. தந்தி வந்தது. இங்கேயே டாக்டர்கிட்ட காமிச்சுட்டுத்தான் அனுப்பினோம். டி.பி.க்கு ஊசி முன்னாடியே போட்டிருக்கு, பயம் இல்லைன்னார். ஜலஜா ரெண்டு ராத்திரி தூங்கலை."

நான் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தேன். அவர்கள் வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. அதனால் நானே படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். 'கிருமி' என்கிற இடத்தில் ஒரு தரம் நின்று, திரும்ப ஆரம்பித்துப் போனேன். 'மூன்று முறை பரிசோதித்ததில் இல்லை' என்று வந்ததும் தலையை மட்டும் அசைத்தார்கள்.

"சரி" என்றார்கள். உள்ளே போய் ஒரு துணிப் பொட்டணத்தைக் கொண்டுவந்து கைப்பிடிச் சுவரில் பிரித்தார்கள்.

என்னவென்று முதலில் எனக்குப் புரியவில்லை. அட்டை மாதிரி ஒரு வெள்ளைச் சதுரம். பக்கத்தில் பொம்மைக்குப் போடுகிற அளவில் ஒரு ஸ்வெட்டர். கண்ணே தெரியவில்லை, எல்லாம் இறுகி ஒரே தகடாகிக் கிடந்தது. நான் போட்ட சால்வையும் ஸ்வெட்டரும்.

"என்னம்மா பண்ணினீங்க?"

"பதினோரு இடம்னு சொன்னியோல்லியோ. அந்தப் பதினோரு இடத்தையும் கத்தரிச்சு எடுத்துட்டு மீதியைத் தச்சுடலாம்னு பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுண்டு வெயில்ல விரிச்சு வெச்சுண்டு ஒரு மத்தியானம் பூரா தேடினேன். ஒண்ணு அகப்படலை. கடைசியா நீ ஒட்டினதை என் கண்ணால பார்த்தேன், அதுகூட அகப்படலை. அப்புறம் என்ன பண்றது? மொத்தத்தையும் வெந்நீர் அண்டாவுல போட்டுக் கொதிக்க விட்டேன். மூணு தடவை."

கம்பளியைக் கொதிக்க வைக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஹைதராபாத்தில் கம்பளியை யார் துவைத்திருக்கிறார்கள்? நான் அந்தச் சின்ன ஸ்வெட்டரைக் கையில் எடுத்தேன். நாலு வாரம். அதன் கை ஒரு விரல் நீளம்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஜலஜா பார்த்துட்டு என்னைத் திட்டினா. அன்னிக்கு அப்படி ஓடினவ, அப்புறம் என்னைத் திட்டறா. கடைசியில கடையில ஒண்ணு வாங்கிண்டு போனா. உள்பக்கம் பூரா முடிச்சு."

"வேற யாருக்காவது சொன்னீங்களாம்மா?" நான் கேட்க வந்தது இதுதான். கேட்டபிறகுதான் தெரிந்தது.

"டாக்டரைத் தவிர யாருகிட்டச் சொல்றது? எங்காத்துக் கொழந்தை அதை வாயில வெச்சுதுன்னு நானே ஊர் பூரா சொல்லவா? நாளைக்கு அதுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட ஆயிரம் பேசுவா. நானும் சொல்லலை, அவளும் சொல்லமாட்டா. எங்காத்து மாமாவுக்கே தெரியாது."

எனக்காக இல்லை. பேரக் குழந்தைக்காகத்தான். இருக்கட்டும். எதற்காக மூடின வாயாக இருந்தாலும் என் வீடு தப்பியது. சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும் போல இருந்தது, ஆனால் அவர்கள் சுவர் என்பதால் நேராகவே நின்றேன்.

அவர்கள் மடியிலிருந்து நோட்டுகளை எடுத்தார்கள். போன வாரம் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

"நூல் காசு மட்டும் குடுங்கம்மா" என்றேன். "முப்பத்தொண்ணு அம்பது. கூலி வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"கேக்காம வாயில வெச்சது என் தப்பு. சிஸ்டரும் அதான் சொன்னாங்க."

"சுருக்கினது நானாச்சே? அதுக்கு யார் கூலியைப் பிடிக்கறது?"

"அந்தச் சாமான் ஒருத்தருக்கும் உதவலையேம்மா."

"உதவாமப் பண்ணினது நீயா நானா? சொல்லு. நாலு வாரம் ஒக்காந்து போட்டிருக்கே. உன் கூலியை நான் வெச்சுண்டா அது என் பேத்தி பேரனுக்கு நல்லதா?"

கூலி கூடக் கேட்டுத்தான் நான் பேசியிருக்கிறேன். குறைக்கச் சொல்லிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவர்களுக்கும் ஏற்றிப் பேசிப் பழக்கமில்லை போல. இரண்டு பேரும் தடுமாறினோம்.

"சரி, பாதி" என்றேன். "ஏழரை ரூபாய் குடுங்க. தப்பு ஆளுக்குப் பாதி."

"ஏழரையா?" அவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். "அந்தச் சனியன் கணக்கை இந்த வாசல்ல சொல்லாதே! இருக்கறது போதாதா? எட்டா வாங்கிக்கோ."

"அப்ப உங்க பங்கு எட்டணா கூடுதலாயிடும்மா."

"நான் மூணு தடவை கொதிக்க வெச்சேனே. நீ ஒரு தடவைதானே வாயில வெச்சே."

பதினோரு தடவை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அவர்கள் மூன்று பத்து ரூபாய் நோட்டை வைத்தார்கள். அதன் மேல் ஐந்து, ஒரு ஒற்றை. பிறகு உள்ளே போய் அரிசி டப்பாவைக் குடைந்து மூன்று ஒற்றை ரூபாய் நோட்டு கொண்டுவந்தார்கள். கடைசியாக எட்டணாக் காசு. சுவர் மேல்தான் வைத்தார்கள். முப்பத்தொன்பது ஐம்பது. நான் ஒருமுறைக்கு இரண்டுமுறை எண்ணி, சட்டைப் பையில் சீட்டோடு சேர்த்து வைத்தேன்.

"ஏழு ரூபா நிக்கறது" என்றார்கள்.

"அதைத் தள்ளிடுங்கம்மா."

"தள்ளியாச்சுன்னா தள்ளியாச்சு. அப்புறம் ஐவி வந்து கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டா."

"கேப்பா. எனக்கு அவளைத் தெரியும்" என்றார்கள். துணிப் பொட்டணத்தை மறுபடி கட்டினார்கள். "போயிட்டு வா. கணக்கு தீந்தது."